புதுப்பிப்பு: பள்ளிக் கவர்னர் கூட்டத்தில் டீ கொடுக்கலாமா?

இங்கிலாந்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் அகாடமி பள்ளியின் (அரசுப் பணத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் பள்ளி) கவர்னர் குழு, அதாவது பள்ளி நிர்வாகத்தை மேற்பார்க்கும் குழு, மாலை 6 மணிக்குக் கூடும். வேலை முடிந்து நேராக வருகிறவர்களுக்கு ஒரு வாய் டீகூடக் கிடையாதே, பள்ளிப் பணத்தில் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சரி, கூட்டத்திலேயே பேசிவிட்டோம். கவர்னர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. கைக்காசு செலவழித்தால், பள்ளியின் கொள்கைப்படி திரும்பக் கேட்கலாம், அவ்வளவுதான். டீ, பிஸ்கட்டுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கத் தலைமையாசிரியர் உடனே சம்மதித்தார். மது மட்டும் கூடாது. அகாடமி பள்ளிகள் குடிப்பதற்காக மது வாங்கப் பொதுப்பணத்தைத் தொடக்கூடாது என்பது விதி.

பிஸ்கட்டைத் தட்டில் கொட்டாமல் பாக்கெட்டோடு வைக்கிறோம். ஒருவருக்குக் கொட்டைப் பருப்பு ஒவ்வாது, அவர் லேபிளைப் படித்துவிட்டுத்தான் எடுப்பார்.

டீ கொடுத்த முதல் கூட்டத்தில், மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதும் கிளார்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்று எனக்கு மனசு உறுத்தியது. அப்புறம்தான் பட்ஜெட் தாளைத் திறந்தோம்.