புதுப்பிப்பு: சீசியம் ஈய புரோமைடு நானோபடிகங்களில் அளவும் நிறமும்

சீசியம் ஈய புரோமைடு ஒளியூட்டினால் தானும் ஒளிரும் பொருள். அதன் படிகம் சிறுத்தால் உமிழும் ஒளி நீலப் பக்கம் நகரும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். 12 நானோமீட்டர் படிகமும் 9 நானோமீட்டர் படிகமும் ஏன் ஒரே பச்சையாகத் தெரிகின்றன என்று பலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி, அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒளி பட்டதும் படிகத்தில் ஒரு எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் இணையாகச் சேர்ந்திருக்கும்; அந்த இணைதான் எக்ஸிட்டான். அதன் இயல்பான அளவைப் போர் (Bohr) விட்டம் என்பார்கள்; இந்தப் பொருளில் அது ஏறத்தாழ 7 நானோமீட்டர். படிகம் அதைவிடப் பெரிதாக இருக்கும்வரை எக்ஸிட்டானுக்கு நெருக்கடி இல்லை. நிறம் மெல்லத்தான் நகரும். அதற்குக் கீழே போனால்தான் வேகமெடுக்கும். சூரிக் ஈடிஎச் (ETH) பல்கலைக்கழகக் குழு 2015இல் காட்டிய அளவீட்டில், 11.8இலிருந்து 3.8 நானோமீட்டருக்கு இறங்கும்போது ஒளிர்வு சுமார் 512இலிருந்து 460 நானோமீட்டர் அலைநீளத்துக்கு வந்தது. புரோமைடுக்குப் பதில் அயோடைடு உள்ள சீசியம் ஈய அயோடைடில் போர் விட்டம் 12 நானோமீட்டர். அங்கே விளைவு முன்னதாகவே தொடங்கிவிடும்.

தயாரிக்கும்போது, சூடான ஈய புரோமைடு கரைசலில் சீசியம் ஒலியேட்டை (சீசியம் தரும் கரைசல்) ஊசியால் செலுத்துகிறோம். படிகத்தின் அளவைத் தீர்மானிப்பது அப்போது ஈய புரோமைடு கரைசல் இருக்கும் வெப்பநிலை: 140இலிருந்து 200 டிகிரி செல்சியஸ். சீசியம் ஒலியேட்டை 100 டிகிரிக்குச் சூடாக்கியே செலுத்துங்கள். அறை வெப்பத்தில் அது உறைந்து படியும், செறிவு தவறிவிடும். செலுத்தி 5 விநாடியில் குடுவையைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிர்வியுங்கள். செலுத்தும் நேரத்தில் ஈய புரோமைடு கரைசல் 130 டிகிரிக்குக் கீழே இருந்தால் கனசதுரம் போய் மெல்லிய தகடுகள் உருவாகலாம். அப்போது நிறமாலையில் தனித்தனி முகடுகள் எழும். அதைச் சிறு படிகம் என்று எண்ணி ஏமாறக் கூடாது.

இன்னொரு குறிப்பு. அடர்ந்த கரைசலில் அளக்காதீர்கள். படிகங்கள் தம் ஒளியைத் தாமே மறுபடி உறிஞ்சுவதால் முகடு சிவப்புப் பக்கம் தள்ளிப்போகும். தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சல் 0.1க்குள் வரும்படி டொலுயீனில் நீர்க்கச் செய்யுங்கள். கழுவும்போது அசிட்டோன் அதிகமானால் ஈந்தணைவிகள் (படிகத்தின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் மூலக்கூறுகள்) உதிர்ந்து படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும். கவனமாகச் சேர்த்த அளவெல்லாம் அங்கேயே போய்விடும்.