பூட்டிய வீடும் ஒரு ஓ.பி. சீட்டும்: காவல் நிலையம் முதல் சிறை வாசல் வரை

வழக்கறிஞர், தேவகோட்டை

மனநோய் உள்ள ஒருவர் போலீஸ், கோர்ட், சிறை என்று மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதைச் செட்டிநாட்டில் திரும்பத் திரும்ப வருகிற வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கே பார்த்தாலும் பூட்டிய வீடுகள். உடையவர் சென்னையில் இருப்பார், மலேசியாவில் இருப்பார். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பின்வாசல் சரியாகச் சாத்தாமல் கிடந்தால், மனம் பேதலித்து ஊர் ஊராக அலைகிற ஒருவர் வெயிலுக்கு உள்ளே நுழைந்து வளவில் (வீட்டின் உள்பகுதியில்) படுத்துவிடுவார். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சாவியோடு வந்து பார்த்ததும் குலை நடுங்கிப் போவார். நிலைக்கதவையும் பித்தளை அண்டாவையும் பெயர்த்துக்கொண்டு போகிற திருட்டு நடக்கிற ஊரில் அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் அவர் போனில் சொல்லும் முதல் வார்த்தையைத்தான் பிறகு எல்லோரும் எழுதுகிறார்கள். “வீட்டுக்குள்ள திருடன்” என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 331, 305, அதாவது வீடு புகுதல், வீட்டில் திருட்டு என்று முதல் தகவல் அறிக்கை, அன்று இரவே ரிமாண்டு. “ஒருத்தர் வந்து படுத்திருக்கார், தனக்குத்தானே பேசிக்கிறார், எதையும் எடுக்கல, உடம்பு சரியில்லாதவர் மாதிரி இருக்கு” என்றால் அது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் பிரிவு 100-க்குள் வரும். அந்தப் பிரிவின்படி அவர் கைதி இல்லை, பாதுகாப்பில் எடுக்கப்பட்டவர். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெளியூரில் இருக்கிற வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதி வழக்கு பிறக்கவே பிறக்காது.

ஓய்வுபெற்ற சார்பு ஆய்வாளர், காரைக்குடி

வக்கீல் சார் சொன்னதில் காவலர் பக்கத்து நடைமுறையைச் சேர்க்கிறேன்.

இடத்துக்குப் போனதும் கூட்டத்தைக் கலைப்பதுதான் முதல் வேலை. ஒரே ஒருவர் மட்டும் பேச வேண்டும், லத்தி கண்ணில் படக் கூடாது. உட்கார்ந்து பேசுங்கள், தண்ணீர் கொடுங்கள். “உன்கிட்ட யாருமே பேசலயே, ஏன் உளர்றே” என்று வாதாடினால் அவர் மிரண்டு கை ஓங்குவார். உடனே அரசு ஊழியரைத் தடுத்ததாக இன்னொரு பிரிவு ஏறிவிடும். காதில் குரல் கேட்கிறவருக்கு நம்முடைய நீண்ட வாக்கியம் பாதிதான் போய்ச் சேரும். “நான் போலீஸ். அடிக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.” இவ்வளவு போதும்.

காரைக்குடி ஜங்ஷனில் ராமேஸ்வரம் ரயிலிலிருந்து இறங்கி வழி தவறுகிறவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. பதில் சொல்லவில்லை என்பதாலேயே பைத்தியம் என்று எழுதிவிடாதீர்கள். ஊரில் இந்தி, தெலுங்கு, வங்காளம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

உளறுவதெல்லாம் மனநோயும் இல்லை, குடியும் இல்லை. சர்க்கரை இறங்கினவர் தள்ளாடுவார், கோபப்படுவார். தலையில் அடிபட்டவரும் அப்படித்தான். எனவே ஆஸ்பத்திரியில் முதலில் கேட்க வேண்டியது விரல்நுனி சர்க்கரைப் பரிசோதனை. அடுத்தது தலையில் வீக்கமோ காயமோ உண்டா என்று பார்ப்பது.

காரியம் தடைபடுகிற இடம் ஒன்று உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்குக் கொண்டுபோனால் “மனநல டாக்டர் இல்லை, மதுரைக்குக் கொண்டு போங்க” என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஏட்டையாவுக்கு வண்டி கிடைக்காது. ஆள் நிலையத்து பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். முதல் பரிசோதனைக்கு மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவர் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே சட்டம். பணியில் இருக்கிற மருத்துவரே பார்த்து எழுதலாம். அனுப்புவதாக இருந்தால் காரணத்தைச் சீட்டில் எழுதி, நேரம் போட்டு, 108 வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள். எழுதச் சொன்னாலே பல நேரம் அங்கேயே படுக்கை கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வீடற்று அலைகிறவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியது நிலையப் பொறுப்பாளரின் கடமை. பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு நடந்து வந்து பிரிந்து போனவர்கள், ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் தொலைந்தவர்கள் என்று இப்படி எத்தனையோ பேர். எங்கோ ஒரு நிலையத்தில் அவர்களுக்கும் புகார் இருக்கும். இரண்டு தாளும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனநலச் செவிலியர், சிவகங்கை மாவட்டம்

வழக்கு பதிவாகி ஆள் உள்ளே போய்விட்டால் என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். உயிர் போகிற இடம் அதுதான்.

தினமும் குடிக்கிறவரைக் கைது செய்தால் குடி அன்றே நின்றுவிடுகிறது. 6 மணி நேரத்திலிருந்து கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பம் முற்றும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுவார், இல்லாத ஆளைக் கூப்பிடுவார், காய்ச்சல் அடிக்கும். இதைப் ‘பைத்தியம் பிடித்துவிட்டது’ என்றோ ‘நடிக்கிறான்’ என்றோ விட்டுவிட்டால் சாவு வரைக்கும் போகும். இது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டிய அவசரம். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். கைதானவரிடம் “குடிப்பியா?” என்று கேட்காதீர்கள். “கடைசியா எப்போ குடிச்சீங்க, எவ்வளவு?” என்று கேட்டு நேரத்தோடு எழுதுங்கள்.

மாத்திரை விட்டுப்போவது அடுத்தது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். மனநோய் மருந்தான குளோசபைன் சாப்பிடுகிறவருக்கு 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். வீட்டில் 300 சாப்பிட்டார் என்று ஐந்தாம் நாள் 300 கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். வாந்தி, பெரிய நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் ரத்தத்தில் அளவு பார்த்தே ஆக வேண்டும்.

மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஒருவருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு தடித்து நின்றால் அது சாமியாட்டம் இல்லை, நடிப்பும் இல்லை. மருந்தின் பக்க விளைவு. ப்ரோமெதசின் ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். இதைத் தெரியாமல் ஆளை அடித்துவிடுகிறார்கள்.

சட்டத் தன்னார்வலர், கானாடுகாத்தான்

நர்சம்மா சொன்ன எதுவும் நடக்க வேண்டுமென்றால் ஒரு காகிதம் வேண்டும். வீட்டில் அலமாரிக்குள் மடங்கிக் கிடக்கிற ஓ.பி. சீட்டுதான் அது. குடும்பத்தார் அதை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள், ஆனால் ஒரே ஒரு அசலை நிலையத்தில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு நிற்பார்கள். அது கேஸ் கட்டுக்குள் போய்விடும். பிறகு வெளியே வராது.

நான்கு நகல் எடுங்கள். ஒன்று புலனாய்வு அதிகாரிக்கு. ஒன்று கைதுக்குப் பிந்தைய மருத்துவப் பரிசோதனை செய்கிற டாக்டருக்கு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்., குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 53-ன்படி கைதான ஒவ்வொருவரையும் பரிசோதிக்க வேண்டும், அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். மூன்றாவது மாஜிஸ்திரேட்டுக்கு. நான்காவது சிறை மருத்துவருக்கு. அசல் வீட்டிலேயே இருக்கட்டும். நகலோடு மாத்திரை அட்டையின் போட்டோ, கடைசி ஊசி போட்ட தேதி, ஊனமுற்றோர் அடையாள அட்டை இருந்தால் அதன் நகல். மருந்தின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாமல் உள்ளே இருக்கிற மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். கைதுக்கு முன்பே ஒரு வருடச் சீட்டு இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். கைதுக்குப் பிறகு வாங்கிய புதுச் சீட்டை “இதுக்காகவே வாங்கினது” என்பார்கள்.

ரிமாண்டு பெரும்பாலும் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில், ராத்திரியில், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். “ஐயா, என் தம்பி நல்லவன்” என்று அழுதால் நேரம் போய்விடும். சொல்ல வேண்டியது இதுதான்: “அம்மா, இவர் நாலு வருஷமா மனநோய்க்கு மருந்து சாப்பிடறார். சீட்டு இருக்கு. மருந்து தொடரணும்னு வாரண்டுல எழுதணும்னு கேட்டுக்கிறோம்.” ரிமாண்டு உத்தரவில் அந்த ஒரு வரி இருந்தால் சிறை மருத்துவர் முதல் நாளே பார்ப்பார்; இல்லாவிட்டால் ஆள் சத்தம் போட்ட பிறகுதான் பார்ப்பார்.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அதை அவரிடம் சொல்ல வேண்டிய கடமை போலீசுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் சிறைப் பொறுப்பாளருக்கும் மனநலச் சட்டம் பிரிவு 27-ல் எழுதப்பட்டிருக்கிறது.

சிறப்புக் கல்வி ஆசிரியை, காரைக்குடி

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அறிவுசார் குறைபாடு மனநோய் இல்லை. 2017 சட்டத்தின் வரையறையிலேயே அது சேராது. அவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. மருந்து கொடுத்துச் சரியாக்கும் விஷயமும் இல்லை.

இவர்கள் பெரியவர்கள் எது கேட்டாலும் தலையாட்டப் பழகியவர்கள். “நீதானே எடுத்தே?” “ஆமா.” “அப்ப எடுக்கலையா?” “ஆமா.” கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும். எத்தனையாவது வரை படித்தார், சிறப்புப் பள்ளியா, 100 ரூபாயில் 35 ரூபாய் போனால் மீதி எவ்வளவு, வீட்டுக்கு எந்த பஸ் என்று நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். நிலையத்தில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதிலிருந்து பொருள் எடுத்ததாகக் காட்டினால் அந்தப் பகுதி செல்லும். ஆபத்து அங்கேதான். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றாலும் மாற்றுத்திறனாளியை நிலையத்துக்கு அலைக்கழிக்கக் கூடாது, வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 179 சொல்கிறது.

வழக்கறிஞர், தேவகோட்டை

டீச்சர் சொன்னது முக்கியம். சட்டத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்கிற இடத்தை மட்டும் நான் பிரித்துச் சொல்கிறேன்.

குற்றம் நடந்த அந்த நேரத்தில் தான் செய்வது என்னவென்று தெரியாத நிலையில் இருந்தாரா என்பது ஒரு கேள்வி. அது பி.என்.எஸ். 22, பழைய இ.பி.கோ. 84. இப்போது வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. அது பி.என்.எஸ்.எஸ். 367, 368. முதலாவதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு; ஆனால் அரசுத் தரப்பு அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1964-ல் தாஹ்யாபாய் தாக்கர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி, பழைய சீட்டு, ஊர்ப் பெரியவர் சாட்சி எல்லாம் இதற்குத்தான்.

இரண்டாவதை யாரும் கேட்பதே இல்லை. வாய்தாவுக்கு வாய்தா ஆள் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார், “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா” என்றால் சிரிப்பார். ஒரு மனு போட்டால் மாஜிஸ்திரேட் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டாக்டரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும். வழக்கை எதிர்கொள்ள முடியாதவர் என்றும், மேல் பார்வைக்கு வழக்கே இல்லை என்றும் தெரிந்தால் விடுவிக்கலாம். இல்லாவிட்டால் பிரிவு 369: ஜாமீன் தரத்தக்க குற்றமோ இல்லையோ, உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லாதவரை, வெளிநோயாளியாகச் சிகிச்சைக்கு அழைத்துப் போவேன், பிறருக்கும் தனக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறவினரோ நண்பரோ உறுதி கொடுத்தால் வெளியே விடலாம். சாதாரண ஜாமீன் மனுவை மூன்று தடவை போட்டுத் தோற்கிறவர்கள் இந்தப் பிரிவை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

அதுவும் நடக்காவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 479. முதல் தடவைக் குற்றவாளி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் சொந்தப் பிணையில் விட வேண்டும். திருட்டுக்கான பி.என்.எஸ். 305-க்கு அதிகபட்சம் 7 வருடம், ஆக 2 வருடம் 4 மாதம். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. ‘கண்டுபிடிக்கப்படாத’ பழைய திருட்டு ஒன்றை இவர் தலையில் சேர்த்து வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதற்கு இதுதான் காரணம். அசாமில் மாச்சாங் லாலுங் 1951-ல் உள்ளே போய் 2005-ல் வெளியே வந்தார். விசாரணையே நடக்கவில்லை. நினைவூட்ட ஆள் இல்லாத கோப்பு அப்படித்தான் கிடக்கும்.

வாசகர் ஒருவர், திருப்பத்தூர்

எங்கள் பக்கம் பலர் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. ஏர்வாடி, குணசீலம் என்று கோயிலிலும் தர்காவிலும் தங்கவைத்துவிட்டு வருகிறார்கள். சீட்டே கிடையாதே, என்ன செய்வது?

சட்டத் தன்னார்வலர், கானாடுகாத்தான்

அண்ணே, சீட்டு இல்லாவிட்டாலும் வரலாறு இருக்கிறது. எந்த வருடம் தொடங்கியது, எத்தனை நாள் அங்கே தங்கினார், யார் கூட இருந்தார்கள் என்பதைத் தாயோ அக்காவோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். நேர்த்திக்கடன் ரசீதுகூடத் தேதியைக் காட்டும். ஏர்வாடியிலேயே தர்காவோடு சேர்த்து அரசு மருத்துவமும் கொடுக்கிற ஏற்பாடு உண்டு. அங்கே பார்த்திருந்தால் பதிவு இருக்கும், கேட்டுப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் அந்த ஊரில் தீயில் இறந்தார்கள். இன்று சங்கிலி போடுவது சட்டப்படியே குற்றம். வீட்டில் யாரையாவது கட்டி வைத்திருப்பது தெரிந்தால் மனநலச் சட்டம் பிரிவு 101-ன்படி காவல் நிலையத்தில் சொல்லுங்கள், அவர்கள் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

மனநலச் செவிலியர், சிவகங்கை மாவட்டம்

சிறையில் மனு போட்டு ஆளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. வீட்டிலிருந்து கொண்டுபோகும் மாத்திரையைப் பொதுவாக நேரடியாக வாங்க மாட்டார்கள். சீட்டின் நகலைத்தான் கொடுக்க வேண்டும். “சாப்பிடறியா?” என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். தூக்கம் எத்தனை மணி நேரம், மாத்திரையின் நிறம் என்ன, யார் கையில் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நிறம் தெரியவில்லை என்றால் மருந்து போய்ச் சேராமல் இருக்கலாம். வெளி ஆஸ்பத்திரித் தேதிகள் வழிக்காவல் போலீஸ் கிடைக்காமல் தவறிப்போகும்; இரண்டு தடவை தவறினால் வக்கீல் மூலம் கோர்ட்டில் மனு போடுங்கள்.

முதல் இரவு, ஜாமீன் தள்ளுபடியான அன்று, பார்க்க வருவதாகச் சொன்னவர் வராத அன்று: இந்த மூன்று நாட்களில் தனியே விடக் கூடாது. “இனி நான் எதுக்கு” என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தாலும் அன்றே சிறை அதிகாரிக்கும் மருத்துவருக்கும் எழுத்தில் கொடுங்கள். வெளியே இருக்கிற குடும்பத்துக்கும் தாங்க முடியாமல் போகும். 14416 என்ற மனநல உதவி எண் எந்த நேரமும் தமிழில் பேசும், காசு கிடையாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் மறைக்க வேண்டாம்.

விடுதலை நாள்தான் பெரும்பாலும் யாரும் யோசிக்காதது. உத்தரவு போய்ச் சேர்ந்து வெளியே விடும்போது இருட்டிவிடும். கையில் மாத்திரை இருக்காது, மதுரையில் எந்த பஸ் ஏறுவது என்று தெரியாது. மறுவாரம் இன்னொரு ஊரில் இன்னொரு பூட்டிய வீடு. ஜாமீன் உத்தரவு வந்ததுமே சிறை மருத்துவரிடம் குறைந்தது ஒரு வாரத்து மருந்தும் சிகிச்சைச் சுருக்கமும் எழுதிக் கேளுங்கள். அழைத்து வர ஓர் ஆள் வாசலில் நிற்கட்டும். மாதம் ஒருமுறை ஊசி போடுகிறவராக இருந்தால் அடுத்த ஊசித் தேதியை அவர் சட்டைப் பையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள், அதே தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரிலும்.