பால் ரோப்சன் பாஸ்போர்ட்டும் கறுப்பின மக்கள் உரிமையும்: ரஷ்யா பயம் உதவுச்சா, கெடுத்துச்சா?

வெட்டிஆபீசர்:
நேத்து ராத்திரி தூக்கம் வராம அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் பாட்டு கேட்டுட்டு கிடந்தேன், அப்படியே அந்த மனுசன் கதையையும் தேடிப் படிச்சேன், மண்டை காஞ்சு போச்சு. அப்பா அடிமையா இருந்து தப்பிச்சு ஓடி வந்தவரு. இவரு ஃபுட்பால், சட்டப் படிப்பு, நாடகம், சினிமா, பாட்டுன்னு உலகம் பூரா பேர் வாங்கினவரு. 1950ல அமெரிக்க வெளியுறவுத்துறை இவரு பாஸ்போர்ட்ட கேன்சல் பண்ணிட்டாங்க, 8 வருசம் கடல் தாண்டிப் போக முடியல, காரணம் கம்யூனிஸ்ட் பக்கம் சாஞ்சவருன்னு. சரி, ஆனா அதே காலத்துலதான் 1954ல ஸ்கூல்ல கறுப்பு வெள்ளைன்னு பிரிக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் குடுத்திருக்கு. ஒரு கையில கட்டிப்போட்டு இன்னொரு கையில அவுத்து விடுறானா, என்னய்யா நடந்துச்சு? ரஷ்யா மேல இருந்த பயத்தால கறுப்பின மக்களுக்கு நல்லது நடந்துச்சா கெட்டது நடந்துச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

மஞ்சக்காடு:
நல்லதுதானுங்க நடந்துச்சு. நீங்க சொல்ற அதே 1954 பிரவுன் வழக்கையே எடுத்துக்குங்க. 1952 டிசம்பர்ல ஜனாதிபதி ட்ரூமன் அரசாங்கத்தோட நீதித்துறை அந்த வழக்குல தானா போயி ஒரு மனு போட்டுச்சு, அதுல வெளியுறவு அமைச்சர் அச்சிசன் எழுதின கடிதத்தையும் சேர்த்தாங்க. என்ன சொன்னாங்கன்னா, இந்த நிறப் பாகுபாடு வெளிநாட்டுல நம்ம மானத்த வாங்குது, ரஷ்யாக்காரன் இத வச்சே பிரச்சாரம் பண்றான், ஆசியா ஆப்பிரிக்காவுல புதுசா சுதந்திரம் வாங்குற நாடெல்லாம் நம்மள நம்ப மாட்டேங்குதுன்னு. தீர்ப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவுல சேதி போயாச்சு, 30க்கும் மேல மொழிகள்ல. எதுக்கு அவ்வளவு அவசரம்? உலகம் பாக்கோணும்னுதான்.

நம்ம நாட்டு சமாச்சாரமே ஒண்ணு இருக்குதுங்க. 1955ல இந்தியத் தூதர் ஜி.எல்.மேத்தா ஹூஸ்டன் ஏர்போர்ட்டு ரெஸ்டாரன்ட்ல உக்காந்தப்ப, நீங்க இங்க உக்காரக் கூடாது, அந்தப் பக்கம் வாங்கன்னு தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்ப வெளியுறவு அமைச்சரா இருந்த டல்லஸ் மன்னிப்பு கேக்க வேண்டியதாப் போச்சு. இந்த மாதிரி அடி வாங்கி வாங்கித்தான் அவங்களுக்கு புத்தி வந்துச்சு. 1957ல அர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் ஊர்ல வெள்ளைக்காரப் பிள்ளைங்க படிச்ச ஸ்கூல்ல 9 கறுப்பினப் பிள்ளைகளை உள்ள விட மாட்டேன்னு கவர்னர் ஃபாபஸ் நின்னப்ப ஜனாதிபதி ஐசனோவர் 101வது பாராசூட் டிவிஷன இறக்கினாரு, டிவில பேசும்போதும் நம்ம எதிரிங்க இதப் பாத்து குதூகலிக்கிறாங்கன்னே சொன்னாரு. ரஷ்யான்னு ஒருத்தன் எதுக்க நிக்கலீன்னா வாஷிங்டன்ல ஒருத்தனும் அசைஞ்சிருக்க மாட்டான்.

ராத்திரிஷிப்ட்:
லிட்டில் ராக் நடந்தப்ப கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் ரஷ்யா டூர் போறதா இருந்தாரு, அரசாங்கம் அனுப்புற டூர். எங்க ஆளுங்கள இப்படி நடத்துற அரசாங்கத்துக்காக நான் போக முடியாதுன்னு கேன்சல் பண்ணிட்டாரு. ஒருத்தரு போறேன்னாரு, விடல. இன்னொருத்தர போன்னாங்க, அவரு போகல 😂

கரிசக்காட்டான்:
மஞ்சக்காடு அண்ணாச்சி, மனு போட்ட கதைய பாதி சொல்லிட்டு மீதிய விட்டுட்டீகளே. அதே 1952ல அதே அரசாங்கம் இன்னொரு கோர்ட்டுல இன்னொரு மனு போட்டுச்சு, ரோப்சன் பாஸ்போர்ட் வழக்குல. அதுல என்ன எழுதினாகன்னு தெரியுமா? இந்தாளு பல வருசமா ஆப்பிரிக்க காலனி மக்களோட விடுதலைக்காக தீவிரமா அரசியல் பண்ணிக்கிட்டு இருக்காரு, அத அவரே ஒத்துக்கிடுதாரு, அதனால பாஸ்போர்ட்ட நிப்பாட்டுனது அதிகார மீறல் இல்லன்னு. ரஷ்யாவுக்கு ரகசியம் கடத்துனாருன்னு இல்ல, குண்டு வச்சாருன்னு இல்ல. ஆப்பிரிக்கா விடுதலை! அது குத்தமாம். நீங்க சொன்ன அந்த புதுசா சுதந்திரம் வாங்குற நாட்டுக்காரன் கண்ணுக்குத்தான் அந்தப் பக்கம் நல்ல பிள்ள வேசம் போட்டாக.

டுபாய்ஸ் கதைய எடுங்க. 83 வயசுக் கிழவரு, உலகமே மதிக்கிற கறுப்பின அறிஞரு. அணுகுண்டு வேண்டாம்னு கையெழுத்து வாங்குனாருன்னு 1951ல வெளிநாட்டு ஏஜென்டுன்னு கேஸ் போட்டு கையில விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாக. ஐன்ஸ்டீன் சாட்சி சொல்ல வாரேன்னாரு. நீதிபதி கேஸ்ல ஒண்ணுமே இல்லன்னு தள்ளிட்டாரு, ஆனாலும் அடுத்த வருசம் அவருக்கும் பாஸ்போர்ட் கிடையாதுன்னுட்டாக. கறுப்பினக் கம்யூனிஸ்ட் தலைவி க்ளாடியா ஜோன்ஸ ஜெயில்ல போட்டு 1955ல நாடு கடத்திட்டாக, லண்டன்ல போய் இறங்குனாக. அந்தம்மா கல்லறை இப்ப ஹைகேட்ல மார்க்ஸ் கல்லறைக்கு இடது பக்கம் இருக்கு, கடைசி வரைக்கும் இடதுதான்.

பெரிய ஆளுகள விடுங்க. 1947ல ட்ரூமன் போட்ட விசுவாச விசாரணை உத்தரவுன்னு ஒண்ணு இருக்குல்லா, அரசு ஊழியர் எல்லாம் தேசவிரோதி இல்லன்னு நிரூபிக்கணும்னு. அதுல ஒரு அம்மாட்ட என்ன கேட்டாகன்னா, ரத்தத்த கறுப்பு வெள்ளைன்னு பிரிச்சு வைக்கிறத எதுத்து ரெட் கிராஸுக்கு லெட்டர் போட்டியான்னு. அது ஒரு கேள்வி! பிரிக்காதன்னு சொன்னா நீ கம்யூனிஸ்டா இருப்பியோன்னு சந்தேகம். வேல போச்சு அந்தம்மாவுக்கு. இதுக்குப் பேரு நல்லது பண்றதா?

ராத்திரிஷிப்ட்:
இருங்க இருங்க, ரத்தத்துலயுமா? பாட்டில்ல இருக்குறது யாரு ரத்தம்னு எப்படிய்யா தெரியும், லேபிள் ஒட்டுவாங்களா

ஓய்வுபெற்றவன்:
ஆமா தம்பி, லேபிள் ஒட்டித்தான். ரெட் கிராஸ் 1950ல தான் அத விட்டுச்சு.

நான் 30 வருசம் வரலாறு எடுத்தவன், ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. நீங்க ரெண்டு பேருமே வாஷிங்டனையும் மாஸ்கோவையும் மட்டும்தான் பாக்குறீங்க. நடுவுல இருந்த மனுசங்க எங்க போனாங்க? 1948 ஜூலையில ட்ரூமன் ராணுவத்துல பாகுபாடு கூடாதுன்னு உத்தரவு போட்டது ரஷ்யாவுக்குப் பயந்து மட்டும் இல்ல. ஃபிலிப் ராண்டால்ஃப், ரயில்வே போர்ட்டர் சங்கத் தலைவர், பிரிச்சு வச்சா எங்க பசங்கள ராணுவத்துல சேரக் கூடாதுன்னு சொல்லுவேன்னு ஜனாதிபதிகிட்டயே சொல்லிட்டாரு. அந்த நவம்பர்ல தேர்தல் வேற. ராண்டால்ஃப் கம்யூனிஸ்டுகள அறவே ஆகாதவரு, அதையும் கவனிங்க.

அப்புறம் உத்தரவு போட்டதும் எல்லாம் மாறிடல. 1950ல கொரியா போர் ஆரம்பிச்சப்ப 24வது காலாட்படை ரெஜிமென்ட் இன்னும் கறுப்பினச் சிப்பாய்ங்க தனி ரெஜிமென்ட்டாத்தான் இருந்துச்சு, மேல பெரும்பாலும் வெள்ளை அதிகாரிங்க. சண்டையில பயந்து ஓடினதா அவங்கள வரிசையா ராணுவக் கோர்ட்டுல நிறுத்தினாங்க. தர்குட் மார்ஷல்னு கறுப்பின வக்கீல், பின்னால உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவரு, 1951 ஜனவரில ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நேர்ல போய் ஃபைலப் பாத்தாரு. ஆயுள் தண்டனை குடுத்த சில விசாரணை ஒரு மணி நேரம் கூட நடக்கல. லியோன் கில்பர்ட்னு ஒரு லெப்டினன்டுக்கு மரண தண்டனை, ட்ரூமன் அத 20 வருசமா குறைச்சாரு. சுதந்திரத்துக்காக சண்டை போடப் போன ஆளுங்களுக்குக் கிடைச்ச நீதி இது. ஆனா அதே கொரியாவுலதான் வெள்ளைப் படையில ஆள் பத்தாமப் போயி கறுப்பினச் சிப்பாய்ங்கள அங்க அனுப்ப ஆரம்பிச்சாங்க, கலந்து நின்னா சண்டை நல்லாத்தான் போகுதுன்னு தெரிஞ்சுது, 1951 அக்டோபர்ல 24வது ரெஜிமென்ட்டையே கலைச்சுட்டாங்க. கொள்கையால மாறுனத விட தேவையால மாறுனது ஜாஸ்தி.

மஞ்சக்காடு:
வாத்தியாரய்யா சொன்னது சரிங்க, ராண்டால்ஃப் பேர எடுத்ததுக்கு நன்றி. அதத்தான் நானும் சொல்ல வர்றேன். ஜெயிச்சவங்க யாரு? கம்யூனிஸ்ட தள்ளி வச்சவங்க. கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடுன என்ஏஏசிபி சங்கம் 1950 மாநாட்டுலயே கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்கள வெளிய தள்ளுறதுக்குத் தீர்மானம் போட்டுச்சு, அதனாலதான் கோர்ட்டுல அவங்களுக்கு மரியாதை இருந்துச்சு.

கரிசக்காட்டான் ரோப்சனப் பத்தி கண்ணீர் விடுறாரு. நான் ஒண்ணு கேக்கறேன். 1949ல ரோப்சன் மாஸ்கோ போனாரு, பழைய நண்பர் இட்சிக் ஃபெஃபர், யூதக் கவிஞர், அவரப் பாக்கணும்னாரு. ஜெயில்ல இருந்த மனுசன வெளுத்து உடுத்திக் கூட்டிட்டு வந்து ஓட்டல் ரூம்ல உக்கார வச்சாங்க. ரோப்சனோட மகன் பிற்பாடு சொன்னபடி, ரூம்ல ஒட்டுக் கேக்கறாங்கன்னு சைகைலயும் துண்டுச் சீட்டுலயும் ஃபெஃபர் உண்மையச் சொல்லிட்டாரு. அன்னைக்கு மேடையில ரோப்சன் யூதப் போராளிகளோட பாட்ட அவங்க மொழிலயே பாடினாரு, ஒத்துக்கறேன், தைரியம்தான். ஆனா அமெரிக்கா திரும்புன பொறவு? ரஷ்யாவுல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீன்னுட்டாரு. 1952 ஆகஸ்ட் 12, ஃபெஃபர சுட்டுக் கொன்னாங்க. 1953ல ஸ்டாலின் செத்தப்ப இவரு உருகி உருகி இரங்கல் எழுதறாரு. சொந்த நாட்டுல அநியாயத்தக் கண்டா சிங்கம், அங்க கண்டா வாய மூடிக்கறது. உளவாளிகளும் சும்மா கற்பனை இல்லீங்க, ரஷ்யாவுக்கு உளவு பாத்த ரோசன்பெர்க் விவகாரமெல்லாம், அமெரிக்கா ரகசியமாப் புடிச்சுப் படிச்சு 1995ல வெளியிட்ட ரஷ்ய உளவுத்துறை தந்தியில, அதான் வெனோனாங்கறதுலயே இருக்குது.

வெட்டிஆபீசர்:
ஃபெஃபர் விசயம் எனக்குத் தெரியாது. கஷ்டமா இருக்கு படிக்க.

கரிசக்காட்டான்:
ஃபெஃபர் விசயத்துல என்கிட்ட சமாதானம் கிடையாது. சில பேரு, அமெரிக்காவுல ரஷ்யாவத் திட்டுனா சண்டை மூட்டுறவனுக்கு வசதியாப் போயிரும்னு நெனச்சாரும்பாக. நெனச்சிருக்கலாம். செத்தவனுக்கு அது பதில் இல்ல. விட்டுருதேன்.

ஆனா கம்யூனிஸ்ட தள்ளி வச்சதால மரியாதை கிடைச்சுதுன்னு சொன்னீக பாருங்க, அதுக்குத்தான் வாரேன். 1950ல தள்ளி வச்சாகளா? 1956ல அலபாமா என்ன பண்ணுச்சு? என்ஏஏசிபியவே அந்த மாநிலத்துல இயங்க விடாம கோர்ட்டுல தடை வாங்குச்சு, உறுப்பினர் பட்டியலக் குடுன்னு மிரட்டுச்சு. மார்ட்டின் லூதர் கிங் 1957ல டென்னசில உரிமைப் போராட்டக்காரருக்குப் பயிற்சி குடுத்த ஹைலாண்டர் ஸ்கூலுக்கு ஒரு விழாவுக்குப் போனாரு, அங்க எடுத்த போட்டோவ ரோட்டோரம் பெரிய போர்டா வச்சு கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளில கிங்னு போட்டாக. கிங்கு பாதிரியாருவே! 1963 அக்டோபர்ல அவரு போன ஒட்டுக் கேக்க எஃப்பிஐக்கு கையெழுத்துப் போட்டது யாரு, அப்ப அட்டர்னி ஜெனரலா இருந்த ராபர்ட் கென்னடி. எல்லாரும் நல்லவருங்கிற கென்னடி. ஆக நீ கட்சிய விட்டு விலகுனாலும் சேராமலே இருந்தாலும் அந்த முத்திரை உம்மேல குத்தத்தான் செய்வான், ஏன்னா அவனுக்குப் பிரச்சனை மாஸ்கோ இல்ல, நீ பஸ்ல எங்க உக்காருறங்கிறதுதான்.

இன்னும் ஒண்ணு, இது பாட்டுக்காரன் கதையவிட எனக்கு முக்கியம். வின்ஸ்டன் சேலம்னு வட கரோலினாவுல ஒரு ஊரு, சிகரெட் கம்பெனி ஊரு. புகையிலைத் தூசிக்குள்ள நின்னு தண்டு உரிக்கிற வேலை, பெரும்பாலும் கறுப்பினப் பொம்பளைக. 1943 ஜூன்ல ஒரு நாள் அவுக மெசின் முன்னால வேலையப் போட்டுட்டு உக்காந்துட்டாக, ஆயிரக்கணக்குல பின்னால வந்தாக. லோக்கல் 22ன்னு சங்கம் வந்துச்சு. சம்பளம் கூடுச்சு, அதோட நிக்கல, ஓட்டு லிஸ்ட்ல பேரு சேத்தாக, 1947ல ஒரு கறுப்பினப் பாதிரியார நகர்மன்றத்துக்கே ஜெயிக்க வச்சாக. தென்மாநிலத்துல, 1947ல! பஸ்ல கறுப்பு வெள்ளைன்னு பிரிச்சு உக்கார வச்சத எதுத்த மான்ட்கோமரி பஸ் போராட்டத்துக்கு 8 வருசம் முந்தி. அப்புறம் பத்திரிகை கம்யூனிஸ்ட் சங்கம்னு எழுதுச்சு, அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி விசாரணைக்குக் கூப்பிட்டுச்சு, சில தலைவருக கட்சியில இருந்தது நெசந்தான். சங்கம் வேணுமான்னு தொழிலாளருகிட்ட நடத்துன 1950 ஓட்டெடுப்புல கொஞ்ச ஓட்டுல தோத்து சங்கமே காணாமப் போச்சு. அந்தப் பொம்பளைக ரஷ்யாவக் கண்டாகளா? கூலி கேட்டாக. இப்ப சொல்லுங்க, யாரு ஜெயிச்சது.

ராத்திரிஷிப்ட்:
இத யாரும் ஸ்கூல்ல சொல்லித் தரலயே. பஸ்ல எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்த ரோசா பார்க்ஸ் அம்மா மட்டும்தான் புக்ல வர்றாங்க

மஞ்சக்காடு:
வின்ஸ்டன் சேலம் நான் படிச்சதில்லீங்க, படிச்சுப் பாக்கறேன். ஆனா ஒரு சங்கம் ஒடஞ்சதுங்கறதுக்காக 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 ஓட்டுரிமைச் சட்டமெல்லாம் ஒண்ணுமில்லீன்னு ஆயிடாது. ஓட்டுரிமை வந்துச்சுல்ல.

ஓய்வுபெற்றவன்:
வந்துச்சு, யாரும் மறுக்கல. ஆனா அதே கிங் 1967 ஏப்ரல் 4ந்தேதி நியூயார்க் ரிவர்சைட் சர்ச்சுல வியட்நாம் போர் தப்புன்னு பேசுனாரு பாருங்க, ஏழை வீட்டுப் பிள்ளைய 8000 மைல் தாண்டி அனுப்புறோம், அவன் ஊர்ல அவனுக்கு இல்லாத சுதந்திரத்த அங்க வாங்கிக் குடுக்கன்னு. உடனே வாஷிங்டன் போஸ்ட்டும் நியூயார்க் டைம்சும் தலையங்கம் எழுதித் திட்டுச்சு. மஞ்சக்காடு தம்பி மரியாதைன்னு சொன்ன அதே என்ஏஏசிபியும் விலகி நின்னுச்சு. ஓட்டுரிமை கேக்குற வரைக்கும் நீ நல்ல பையன், வெளிநாட்டுச் சண்டையப் பத்திப் பேசாத. ரோப்சனுக்கு 1949ல விழுந்ததும் அதே அடிதான். பாரிஸ் சமாதான மாநாட்டுல அவரு பேசுனத ஏஜென்சி செய்தி திரிச்சு, ரஷ்யாவ எதுத்து கறுப்பின மக்கள் சண்டை போட மாட்டாங்கன்னு சொன்னதாப் போட்டுச்சு, அங்கருந்துதான் அவருக்கு இறங்குமுகம்.

ராத்திரிஷிப்ட்:
அதே ஏப்ரல்ல ஹூஸ்டன்ல குத்துச்சண்டை முகமது அலி, ராணுவத்துல சேக்க பேரக் கூப்பிட்டும் முன்னால அடி எடுத்து வைக்கல. பட்டம் போச்சு, பாஸ்போர்ட் போச்சு. இந்த ஹூஸ்டன்ல ஏதோ இருக்குய்யா, தூதருக்கும் அங்கதான்

வெட்டிஆபீசர்:
சரி அந்த பாஸ்போர்ட் எப்படித் திரும்பக் கிடைச்சுது, அத யாருமே சொல்லலயே.

கரிசக்காட்டான்:
1958 ஜூன்ல ராக்வெல் கென்ட்னு ஒரு ஓவியர் போட்ட வழக்குல 5க்கு 4னு தீர்ப்பு, ஒருத்தன் கொள்கையப் பாத்து பாஸ்போர்ட் மறுக்க அமைச்சருக்கு அதிகாரம் இல்லன்னு. ஒரே ஒரு ஓட்டு. அதுக்கு முன்னாலயே மனுசன் சும்மா இல்ல. 1952ல கனடா சுரங்கத் தொழிலாளருக கூப்பிட்டாக, எல்லையில நிப்பாட்டிட்டாக, இத்தனைக்கும் கனடாவுக்கு பாஸ்போர்ட்டே தேவையில்ல. மே மாசம் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி மேல ஏறி நின்னு பாடுனாரு, அந்தப் பக்கம் கூட்டம் புல்லுல உக்காந்து கேட்டுச்சு. 1957ல கடலுக்கடியில போட்ட டெலிபோன் கேபிள் வழியா லண்டன் ஹால்ல பாட்டு, அப்புறம் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளுக்கு. அவுகளும் திருப்பிப் பாடுனாகளாம், போன்லயே.

மஞ்சக்காடு:
பாஸ்போர்ட்டப் புடுங்குனது தப்புத்தானுங்க. பாடறவன ஊட்டுக்குள்ள பூட்டி வச்சு எந்த நாடும் தன்னைக் காப்பாத்திக்க முடியாது. ஆனா ஃபெஃபர் விசயத்துல நான் எறங்கி வர மாட்டேன்.

கரிசக்காட்டான்:
எறங்க வேண்டாம் அண்ணாச்சி. அந்த எடத்துல நானும் ஒங்க கூடத்தான் நிக்கேன்.

ராத்திரிஷிப்ட்:
அந்த லாரி மேல நின்னு பாடுன ரெக்கார்டிங் யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்கப்பா, ஷிப்ட் முடிய இன்னும் 3 மணி நேரம் இருக்கு