நேரில் காணாத ஸ்ரீவாஸ்தவா: கப்பலுக்குப் போன எல்லைப்புறத்தவர் நினைவுகள்

பாறசாலையிலிருந்து, ஓய்வுபெற்ற ரேடியோ அதிகாரி:

கடலோடிகளின் நலனுக்காக உழைத்த தலைவர்களில் உங்கள் வாழ்க்கையைத் தொட்டவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். என் விடை சந்திரிகா பிரசாத் ஸ்ரீவாஸ்தவா. அவரை நான் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. ஆயினும் 1978 முதல் 1999 வரை நான் கப்பலில் கழித்த காலம், பெரும்பாலும் அவர் முன்னின்று நிறைவேற்றிய விதிகளின் நிழலில் கழிந்தது.

1961-இல் இந்தியக் கப்பல் கழகம் 19 கப்பல்களுடன் தொடங்கியபோது அதை ஏற்று வளர்த்தவர் அவர். இடையில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் அலுவலகத்தில் இணைச் செயலராகவும் இருந்தார். 1974-இல், கப்பல் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் ஐ.நா. அமைப்பான, லண்டனிலுள்ள பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் பொதுச் செயலாளராகி, 1989 வரை 16 ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார். வேறு எவரும் அந்த நாற்காலியில் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

அவர் பெயரைக் கேட்டால் எனக்கு ஒரு மணியோசைதான் நினைவுக்கு வருகிறது. அக்காலத்துச் சரக்குக் கப்பலில் ரேடியோ அதிகாரி ஒருவர்தான் இருப்பார். கம்பியில்லாத் தந்தியின் முன்னோடி மார்க்கோனியின் பெயரால், கப்பலில் எல்லோரும் என்னை ‘மார்க்கோனி சாப்’ என்றே அழைப்பார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் காதில் ஹெட்போனுடன் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ரேடியோ அறைக் கடிகாரத்தின் முகத்தில் 15-ஆம் நிமிடத்திலிருந்தும் 45-ஆம் நிமிடத்திலிருந்தும் மூன்று நிமிட அகலத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருக்கும். முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்ததும், எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் அந்த அலைவரிசையில் சாதாரணச் செய்தி எதையும் அனுப்பக் கூடாது. எங்கோ ஒருவன் மெல்லிய ஒலியில் உதவி கேட்டால் அது காதில் விழ வேண்டும் என்பதற்காக விடப்பட்ட அமைதி அது. நான் உறங்கும் நேரத்தில் காவல் இருப்பது ஒரு தானியங்கிக் கருவி. நான்கு விநாடி நீளமுள்ள மோர்ஸ் கோடுகளை (நீண்ட ஒலிகளை) ஒரு விநாடி இடைவெளி விட்டுப் பன்னிரண்டு முறை எவராவது அனுப்பினால் என் அறையில் மணி அடிக்கும். பருவமழைக் காலத்தில் இடி மின்னலுக்கும் அது அடிக்கும் என்பதால், தூக்கம் கலைந்து ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பிய இரவுகளுக்குக் கணக்கில்லை.

1986 ஜூலையில், மினிக்காய்த் தீவுக்கு மேற்கே ஓர் இரவு, அது மின்னலுக்காக அடிக்கவில்லை. ஹெட்போனை மாட்டியதும் எஸ்.ஓ.எஸ். என்னும் ஆபத்து அழைப்பு தெளிவாகக் கேட்டது. அட்சரேகை எண்கள் முழுமையாக வந்தன. தீர்க்கரேகையில் முதல் இரண்டு இலக்கங்களை எழுதி முடிப்பதற்குள் இரைச்சல் மூடிக்கொண்டது. விடியும்வரை அழைத்தும் மறுமொழி இல்லை. கேப்டன் கப்பலைத் திருப்பினார். ஒன்றரை நாள் தேடினோம். ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை. இரண்டு இலக்கத்தோடு நின்றுபோன அந்தப் பென்சில் வரி இன்றும் என் கண் முன்னே நிற்கிறது.

1979-இல் ஹாம்பர்க்கில் உருவான தேடல் மீட்பு உடன்படிக்கையும், 1988-இல் ஏற்கப்பட்ட ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்னும் ஆபத்து அறிவிப்பு முறையும் ஸ்ரீவாஸ்தவாவின் காலத்தவை. கப்பல் மூழ்கும்போது நீரின் அழுத்தத்தால் தானாகவே விடுபட்டு மேலே மிதந்து, செயற்கைக்கோள் வழியாகக் கரையிலுள்ள மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் ‘ஈபிர்ப்’ பெட்டி கப்பல்களில் கட்டாயமானது இம்முறையால்தான். அதற்குப் பிறகு, பக்கத்துக் கப்பலில் ஒரு மார்க்கோனி சாப் விழித்திருக்கிறானா என்பதை நம்பி ஓர் உயிர் காத்திருக்க வேண்டியதில்லை.

1999 பிப்ரவரி 1 அன்று அம்முறை முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. அத்துடன் என் தொழிலும் முடிந்தது. நாற்பத்து நான்கு வயதில் பெட்டியுடன் பாறசாலை ரயில் நிலையத்தில் இறங்கினேன். இதை நான் மனக்குறையாக எழுதவில்லை. 2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 சாய்ந்துவிட்டது என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. 21 பேரைக் கடலோரக் காவல் படையும், மீதி மூவரைக் கடற்படையும் மீட்டன. மறுநாள் கப்பல் மூழ்கியபோது அதில் வந்த 24 பேரும் உயிருடன் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையைக் கேட்ட பிறகுதான் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

குழித்துறையிலிருந்து, ஒரு கடலோடியின் மனைவி:

என் மூத்த மகள் பிறந்து பதினோராம் நாள்தான் கப்பலில் இருந்த என் கணவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. இரண்டாவது மகன் பிறந்த அன்று மாலையே, கப்பலின் செயற்கைக்கோள் தொலைபேசியில், பக்கத்து மருந்துக் கடைக்கு அழைப்பு வந்தது. கட்டணம் மிகுதி என்பதால் ஒரே நிமிடம் பேசினார். அதில் பாதி நேரம் நான் அழுதேன். அந்த வசதியைத் தந்த இன்மார்சாட் அமைப்பு, 1976-இல் ஸ்ரீவாஸ்தவா பொறுப்பில் இருந்தபோது உருவான உடன்படிக்கையின் வழி வந்தது என்பதை என் கணவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பொழியூரிலிருந்து, கப்பலில் ஏபி சீமேனாக (தேர்ச்சி பெற்ற மாலுமியாக) வேலை செய்பவர்:

பாறசாலை அண்ணாச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கு ஸ்ரீவாஸ்தவா என்றால், எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின்படி மாலுமிகள் பெறும் சான்றிதழ்தான். கடலோடிக்கு என்ன பயிற்சி வேண்டும், எந்தத் தகுதியோடு காவல் நிற்க வேண்டும் என்பதற்கு 1978-இல் அந்த உடன்படிக்கை வரும்வரை உலகுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு முறை. ஏழை நாட்டு மாலுமியின் காகிதம் என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்று எங்கள் ஊர் மூத்தவர்கள் சொல்வார்கள். விதியை எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அதைப் பின்பற்றத் தேவையான ஆட்கள் வளரும் நாடுகளில் உருவாக வேண்டும் என்று, 1983-இல் சுவீடனின் மால்மோ நகரில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் தொடங்கப்படவும் முன்னின்றார்.

2020-இல், கொரோனாக் காலத்தில், பதினான்கு மாதம் கப்பலிலேயே இருந்துவிட்டு விழிஞ்ஞத்தில் இறங்கினேன். அந்த ஜூலையில்தான் அங்கே கப்பல் ஊழியர்களை இறக்கி ஏற்றும் ஆள் மாற்றம் தொடங்கியிருந்தது. கப்பலின் ஏணியிலிருந்து படகில் கால் வைத்ததும் கரையிலிருந்து வந்த ஈர மண் வாசனையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் அண்ணன் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயலில் அகப்பட்டு, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து, மூன்றாம் நாள் கரை சேர்ந்தார். எங்கள் பொழியூரிலும் நீரோடி, தூத்தூர்ப் பக்கத்திலும் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். எனக்குக் கிடைத்த பாதுகாப்பு அண்ணனுக்கு இல்லை. மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது என்று 1978 உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கடல். இருவருக்கும் ஏன் இரு விதமான சட்டம் என்று அண்ணன் கேட்டால் என்னிடம் விடை இல்லை.

மீண்டும் பாறசாலையிலிருந்து:

தம்பியின் கேள்வி நியாயமானது. ஸ்ரீவாஸ்தவாவின் காலத்தில் மீன்பிடிக் கலங்களை மறந்துவிடவில்லை என்பதை மட்டும் இங்கே சேர்க்கிறேன். 1977-இல் ஸ்பெயினின் டோரமோலினோஸ் நகரில், பெரிய மீன்பிடிக் கலங்களின் பாதுகாப்புக்கென்றே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. போதிய நாடுகள் ஒப்புதல் தராததால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. 2013 ஜூலை 22 அன்று, தமது 93-ஆம் வயதில் அவர் மறைந்தபோதும் அது காகிதமாகவே கிடந்தது. அவர் தொடங்கியவற்றில் முடியாமல் கிடப்பது அதுதான் என்பது என் எண்ணம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பொழியூருக்கு வருகிறேன். அண்ணனுடைய படகில் இருக்கும் ஆபத்து அறிவிப்புக் கருவியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் காலாவதித் தேதியையும், அதில் பதிந்திருக்கும் படகு எண் சரிதானா என்பதையும் நானே பார்க்க வேண்டும்.