வெளிநாட்டு உதவி நின்னா என்ன, ஏஐ இருக்குல்லங்கிறாங்க. சரியா?

உசிலம்பட்டியான்:
வணக்கம் மக்களே. நான் டிபி திட்டத்துல களப்பணியாளரா இருந்தவன், உசிலம்பட்டி சுத்துப்பட்டி பூரா அத்துபடி. நேத்து ஒரு கூட்டத்துல ஒருத்தர் பேசுறாரு, 2025 ஜூலையோட அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டையே மூடிட்டாய்ங்க, போகட்டும், ஏழை நாடுகளுக்கு இனிமே ஏஐ போதும், எக்ஸ்ரேய அதுவே பாத்து டிபின்னு சொல்லிரும்னு. பாக்குறது உண்மைதான், 15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு எக்ஸ்ரேய கம்ப்யூட்டர வச்சுப் படிக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே 2021ல சொல்லிருச்சு. ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசம் மாத்திரை? ரெண்டு மாசத்துல உடம்பு தேறுனதும் நிப்பாட்டிட்டவங்க வீட்டுத் திண்ணையில எத்தன தடவ உக்காந்து மன்றாடிருக்கேன். அவருகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல.

வைகைக்கரை அக்கா:
தம்பி, நம்ம அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய சொல்லுங்க. 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 பெட்டோட ஆரம்பிச்சது. கண்ணுல வைக்கிற லென்ஸ் அப்பல்லாம் வெளிநாட்டுல இருந்து வரணும், ஏழைக்கு எட்டாத வெல. 1992ல அரவிந்தோட லென்ஸ் செய்யுற எடமான ஆரோலேப் வந்து இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க, அந்த வித்தையக் கத்துக்கக் கைகொடுத்ததும் வெளிநாட்டு அமைப்புகதான். அப்புறம் சர்க்கரையால விழித்திரை கெட்டுப்போறத கண்டுபிடிக்க கூகுள் ஏஐய பழக்குச்சுல்ல, 2016ல வந்த அந்த ஆராய்ச்சிக்கு அரவிந்த்ல எடுத்த கண்ணு படங்களும் போச்சு. ஆஸ்பத்திரின்னு ஒண்ணு நின்னதாலதான படம் கெடச்சுச்சு? எங்கம்மாவுக்கு சர்க்கரையால கண்ணு போக இருந்துச்சு, லேசர் வச்சுதான் காப்பாத்துனோம், கோளாறு இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் பார்வை நிக்காது.

மேலூர் பய:
அக்கா சொல்றது சரி, ஆனா ஏஐய ஒரேயடியா ஒதுக்காதீங்க. 2020 கொரோனா நேரத்துல ஆப்பிரிக்காவுல டோகோ நாட்டுல வீடு வீடா கணக்கெடுக்க வழியில்ல, சாட்டிலைட் படம், செல்போன் பயன்பாடு ரெண்டையும் மெஷின் லேர்னிங்கிற ஏஐ முறையில போட்டு ரொம்ப இல்லாதப்பட்டவங்க யாருன்னு பிரிச்சு போனுக்கே பணம் அனுப்புனாங்க. அலைச்சல் எம்புட்டு மிச்சம் பாருங்க. ஆனா அப்படிப் பிரிச்சு அனுப்புன பணம் கிவ்டைரக்ட்லிங்கிற வெளிநாட்டு அமைப்பு கொடுத்தது, அத மறந்துறக் கூடாது. கையில போனே இல்லாத கிழவிய எந்த சாட்டிலைட்டும் பாக்காது.

உசிலம்பட்டியான்:
ரொம்ப நன்றிக்கா, நன்றி தம்பி. ஞாயித்துக்கிழமை திரும்ப கூட்டம் இருக்கு, டோகோ விசயத்த நானே எந்திரிச்சு சொல்றேன், பணம் யாரு கொடுத்ததுங்கிறதையும் சேத்து. போனில்லாத வீட்டுக்கு மாத்திரையோட யாரு போவாங்கன்னும் கேக்கணும்.