அப்பா காலத்து த்ரீ பேஸ் சர்வீஸ், மாடியில் 10 கிலோவாட் சோலார்: பழைய மெயின் போர்டு தாங்குமா?

கும்பகோணம் கடைக்காரன்:
ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 1986-இல் அப்பா கட்டிய கட்டிடம். த்ரீ பேஸ் கமர்ஷியல் சர்வீஸ், அனுமதித்த லோடு 12 கிலோவாட். மெயின் போர்டு இன்னும் அதே தேக்குப் பலகைதான். இரும்புப் பெட்டி மெயின் ஸ்விட்ச், பீங்கான் கிட்காட் ஃபியூஸ் (கம்பி கட்டிச் செருகும் பழைய வகை), அலுமினிய ஒயர். ஒன்றரை டன் ஏசி மூன்று, பகல் முழுக்க ஓடும். பக்கத்தில் ஜெனரேட்டரும், கடையை ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சும் உண்டு.

மாடியில் 10 கிலோவாட் ஆன்கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் சோலார்) போடலாம் என்று ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். சோலார் ஒயரை சேஞ்ச்ஓவருக்கு அப்புறம் இருக்கும் பழைய ஃபியூஸ் போர்டிலேயே சேர்த்துவிடலாம், எதையும் மாற்ற வேண்டாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தப் போர்டை அப்பா கையாலேயே துடைத்து வைப்பார், அதனால் பிரியம் உண்டு. ஆனால் கடை முழுக்கத் துணி. தீ என்றால் ஒன்றும் மிஞ்சாது.

வயர்மேன் திருச்சி:
தம்பி, மனசு சொன்னதைக் கேளுங்கள். முப்பது வருஷமாகக் கடை வேலை பார்க்கிறேன், பழைய போர்டில் சோலாரைச் சேர்க்கும்போது நான் அதிகம் பயப்படுவது நியூட்ரலுக்குத்தான், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பும் ஒயருக்கு.

முதலில் ஒயரைச் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை வைத்து, மத்தியானம் ஏசி எல்லாம் ஓடும்போது மூன்று பேஸையும் நியூட்ரலையும் அளந்து எழுதுங்கள். பழைய கடைகளில் ஏசி ஒவ்வொன்றாக வந்திருக்கும், வந்தவர் கைக்கு எட்டிய பேஸில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சோலார் வந்தால் அந்த ஏற்றத்தாழ்வு சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. த்ரீ பேஸ் சோலார் இன்வர்ட்டர் (சோலார் தகட்டின் கரண்டை ஈபி கரண்ட் மாதிரி மாற்றும் பெட்டி) மூன்று பேஸிலும் சமமாகத்தான் கொடுக்கும். நியூட்ரலில் ஓடுகிற கரண்ட் அப்படியே இருக்கும். அந்த நியூட்ரல் லூசாகிக் கழன்றால் லோடு குறைந்த பேஸில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகும். டியூப்லைட், கம்ப்யூட்டர், பில் மெஷின் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விடும்.

அடுத்தது சேஞ்ச்ஓவர். சோலார் ஒயர் கண்டிப்பாக ஈபி பக்கம்தான் வர வேண்டும். லோடு பக்கம் கொடுத்தால், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது இன்வர்ட்டர் அதையே ஈபி என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிடும். ஏசி நின்ற நேரமாக இருந்தால் ஜெனரேட்டருக்குள்ளேயே கரண்டைத் தள்ளும். ஒரு பேக்கரியில் ஆல்டர்னேட்டர் எரிந்த வாசனையை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

கிட்காட் போர்டில் சேர்க்காதீர்கள். இந்தப் பக்கம் ஈபி 63 ஆம்ப், அந்தப் பக்கம் சோலார் 16 ஆம்ப் என்றால், நடுவில் இருக்கும் பட்டையில் 79 வரை ஓடினாலும் எந்த ஃபியூஸும் போகாது. புது மெயின் பேனல் போட்டு, சோலாருக்குத் தனியாக ஃபோர் போல் பிரேக்கர் வையுங்கள். சோலார் லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்தும் ஸ்விட்ச்) வைத்தால் சும்மா சும்மா டிரிப் ஆகும், 100-க்குக் குறையாமல் போடுங்கள். எர்த் குழியைத் தோண்டிப் பாருங்கள். 1986 குழாய் என்றால் பாதி துருவாகத்தான் இருக்கும். புதுசாகப் போட்டு 5 ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

மாடி வெயில்:
என் அனுபவம் ஒன்று. எனக்கும் பழைய சர்வீஸ், 10 கிலோவாட்தான். கடை லீவு நாளில் மட்டும் மத்தியானம் இன்வர்ட்டர் நின்று நின்று ஓடும். லோடே இல்லாததால் உற்பத்தி முழுக்க வெளியே போகும், வோல்டேஜ் ஏறும். என் இன்வர்ட்டரில் எல்லை 253, அதைத் தாண்டினால் தானே நின்றுவிடும். மெயின் போர்டில் 251 இருக்கும்போது இன்வர்ட்டரில் 254 காட்டியது. 45 மீட்டர் தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்திருந்தார்கள், அதிலேயே 3 வோல்ட். 10 ஸ்கொயர் எம்எம் மாற்றியதும் வித்தியாசம் ஒன்றுக்குச் சற்று மேல் வந்துவிட்டது. நிற்பதில்லை.

இன்னொன்று: கடைக்கு வீடு மாதிரி மானியம் கிடையாது. வெளியே போகும் யூனிட்டுக்குக் கிடைப்பதும் நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. பகலில் கடைக்குள் எவ்வளவு செலவாகிறதோ அதைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

கும்பகோணம் கடைக்காரன்:
அண்ணே, நேற்று அளந்தோம். ஆர் பேஸ் 22 ஆம்ப், ஒய் 9, பி 4. நியூட்ரலில் 16! மூன்று ஏசியும் ஆர் பேஸில்தான். மெயின் ஸ்விட்சைத் திறந்தால் நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயரை இணைக்கும் உலோகத் துண்டு) பக்கத்தில் ஒயரின் ரப்பர் கருகி, தொட்டால் உதிர்கிறது. திருகு இரண்டு சுற்று லூஸ். தினமும் அதுக்குக் கீழேதான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

உடனே கருகிய ஒயர் முனையை வெட்டி, முனையில் மாட்டும் லக் புதுசாகப் போட்டு இறுக்கினோம், ஒரு ஏசியை பி பேஸுக்கு மாற்றினோம். இப்போது 15, 9, 11. நியூட்ரலில் 5.

புது பேனலுக்குச் சொல்லிவிட்டேன், சோலார் ஒயர் சேஞ்ச்ஓவருக்கு முன்னால்தான் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். எர்த் குழி வேலை ஞாயிற்றுக்கிழமை. நியூட்ரல் ஒயரைப் பேஸ் ஒயரின் அதே கனத்தில் போடச் சொல்லலாமா, இல்லை கூட்ட வேண்டுமா?

வயர்மேன் திருச்சி:
அதே கனம் போதும் தம்பி. ஒன்று மட்டும்: நியூட்ரலில் தனி ஃபியூஸ் எங்காவது இருக்கிறதா பாருங்கள், பழைய போர்டுகளில் வைத்திருப்பார்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக லிங்க் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகையும் மறுபடி இறுக்குங்கள், அலுமினியம் தளரும்.