கெட் செம்பு நிறம்தான், இதில் என்ன விவாதம்?

மாட்டுங்காக்காரன்:
நேற்று ராத்திரி பவாய்க்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ கதைகளைத் தொடராக எடுத்தால் கதாநாயகன், மந்திரவாதிப் பையன் கெட் வேஷத்துக்கு யார் பொருத்தம் என்று நாலு பேர் ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் வந்து, முகம் பிரபலமாக இருந்தால் போதும், நிறம் ஒரு விஷயமே இல்லை, வெள்ளைக்காரப் பையன் நடித்தாலும் கதை அதே கதைதான் என்று போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஐயா, கெட் செம்பு நிறம். காண்ட் தீவில் வெண்கலக் கொல்லனுக்குப் பிறந்தவன். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கார்க் ஆட்களுக்கு. முதல் அத்தியாயத்திலேயே கப்பலில் வந்து இறங்கி ஊரைக் கொள்ளையடிக்கிறார்களே, சின்னப் பையன் மூடுபனியைக் கிளப்பி விரட்டுகிறானே, அந்த ஆட்கள். கெட்டையும் வெள்ளையாக்கிவிட்டால் வந்தவன் யார், ஊர்க்காரன் யார்?

பவாய் வாசகன்:
நானும் 2 தடவை படித்தவன்தான். என்னிடம் இருக்கும் பிரதியின் அட்டையில் பையன் வெள்ளையாகத்தான் இருக்கிறான். ஜெட்டின் மனசு முக்கியம், தோல் இல்லை. 2004ல் வந்த குறுந்தொடரில் ஷான் ஆஷ்மோர் நடித்தார், வானம் இடிந்தா விழுந்தது?

மாட்டுங்காக்காரன்:
விழுந்தது. அதே டிசம்பரில் எழுத்தாளரே ஸ்லேட் இதழில் கட்டுரை எழுதி, என் ஆட்களை எல்லாம் வெளுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டார். முக்கியமான பாத்திரங்களில் கெட்டின் குரு ஆஜியனாக வந்த டேனி குளோவர் ஒருவர்தான் கறுப்பு. அட்டையை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அட்டைகளில் கெட்டை வெள்ளையாக வரைகிறார்கள் என்று லெ குவின் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார். 1968ல் வந்த புத்தகம் அது. மந்திரவாதி என்றாலே வெள்ளைத்தாடி வெள்ளைக்காரர் என்று இருந்த காலத்தில், வேண்டுமென்றே நிறத்தை முதலில் சொல்லாமல் கொஞ்ச தூரம் போனபிறகு சொல்லியிருப்பார். வாசகன் அவனோடு ஒட்டிப்போனபிறகு. நான் முதலில் படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது 16 வயது. நீங்கள் அதைப் போய் ஒரு விஷயமே இல்லை என்கிறீர்கள். அப்புறம், அது கெட். ஜெட் இல்லை.

செம்பூர் அக்கா:
மாட்டுங்கா சார் சொல்வது சரி. ஆனால் எந்தச் செம்பு? புளி போட்டுத் தேய்த்த செம்பா, பரணில் கிடக்கும் செம்பா? இரண்டும் ஒரே நிறமா? நான் இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. என் தங்கை பையன் ஆரம் நகரில் ஆடிஷன் ஆடிஷனாக ஏறி இறங்கினான். விளம்பரத்தில் டஸ்கி, அதாவது கறுத்த நிறம், என்று போட்டிருப்பார்கள், நேரில் போனால் இவ்வளவு டஸ்கி வேண்டாம் என்பார்கள். செம்பு நிறம் என்று எழுதி வைத்தால், தேய்த்துப் பளபளவென்று இருக்கும் பையனைத்தான் எடுப்பார்கள். மாநிறம் என்று தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள்.

மாட்டுங்காக்காரன்:
மேடம், மாநிறம் வேறு, செம்பு வேறு. மாநிறத்தில் சிவப்பு இல்லை. புத்தகத்தில் இருப்பது சிவப்பு கலந்த பழுப்பு. வெயிலில் நிற்கும் செம்பு.

தாராவி தம்பி:
அண்ணா, கறுப்பு என்று சொல்ல வாய் ஏன் கூசுகிறது? செம்பு, மாநிறம், கோதுமை நிறம், பொண்ணு பார்க்கப் போகிற மாதிரியே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் 13 வயதுப் பையன் 20 பேரைக் காட்டுகிறேன். ஆஜியன் பெயர் வைக்கும்போது கெட்டுக்கு அதே வயதுதானே. முறைப்பு, திமிர், எல்லாம் அப்படியே இருக்கும்.

மாட்டுங்காக்காரன்:
தம்பி, கூச்சம் இல்லை. கதையில் கறுப்பாக வருவது கெட்டின் நண்பன் வெட்ச். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் வெட்ச்சைக் காட்டும்போதே, கெட், கூடப் படிக்கும் ஜாஸ்பர் மாதிரி சிவந்த பழுப்பு இல்லை, இவன் நல்ல கறுப்பு என்று ஆசிரியர் பிரித்துச் சொல்கிறார். அவர் பிரித்ததை நாம் ஒன்றாக்க முடியாது. கெட் செம்பு நிறம்.

தாராவி தம்பி:
சரி, அப்போது வெட்ச் வேஷத்துக்கு யார்? அதைச் சொல்லுங்கள்.

டோம்பிவிலி:
நீங்கள் எல்லோரும் நம் பையன் நம் பையன் என்கிறீர்கள். லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் குரோபர் மானுடவியல் அறிஞர், கலிஃபோர்னியப் பழங்குடிகளிடையே வேலை செய்தவர். அம்மா தியடோரா, யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷியைப் பற்றி 1961ல் புத்தகம் எழுதினார். அந்த வீட்டில் வளர்ந்தவர் சிவந்த பழுப்பு என்று எழுதினால் மனதில் யார் இருந்திருப்பார்கள்? என்னைக் கேட்டால் அமெரிக்கப் பழங்குடிப் பையனைத்தான் போட வேண்டும். மும்பைக்காரர்கள் சண்டை போட ஒன்றுமில்லை.

மாட்டுங்காக்காரன்:
அதை நான் மறுக்கவே இல்லை. பழங்குடிப் பையன் வந்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன். என் சண்டை பவாய்க்காரரோடு. ஆனால் மும்பைக்காரர்கள் பேச ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். எர்த்ஸீ முழுக்கத் தீவும் படகும் மீனும். மழைக்காலத்தில் மாஹிம் கரையில் நின்று பார்த்தவனுக்கு அந்த ஊர் புரியும்.

பவாய் வாசகன்:
பத்துத் தடவை செம்பு என்று எழுதினால் நடிப்பு வந்துவிடாது. 2019ல் ஏ24 திரைப்பட நிறுவனமும் தயாரிப்பாளர் ஜெனிஃபர் ஃபாக்ஸும் சேர்ந்து தொடர் எடுக்கப்போவதாகச் செய்தி வந்ததே, அவர்கள் பணம் போடுகிறவர்கள். முகம் தெரியாத பையனை வைத்து யார் பணம் போடுவார்? 13 வயதிலிருந்து 19 வரை ஒரே பையன் தாங்க வேண்டும், முகத்தில் தழும்பு போட வேண்டும், அவனே கிளப்பிவிட்ட நிழலோடு மல்லுக்கட்ட வேண்டும். அனுபவம் வேண்டாமா? மாட்டுங்காக்காரருக்கு இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் படித்தவர் என்ற நினைப்பு. போன வருஷம் டிராகன் பேச்சிலும் இப்படித்தான் யாரையும் பேசவிடவில்லை.

மாட்டுங்காக்காரன்:
போன வருஷத்தை எடுத்தீர்கள், நானும் எடுக்கிறேன். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் 3 மாதம் சொல்லிவைத்து வாங்கிய அட்டுவான் புத்தகத்தை உங்களிடம் கொடுத்தேன். 1971ல் வந்த இரண்டாவது கதை, பழைய பதிப்பு. எங்கே அது? அதைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதில் டெனார் கார்க் பெண், வெள்ளை. இருட்டுச் சுரங்கத்தில் அவள் முதல்தடவை பார்க்கும் வேற்று மனிதன் கெட், கறுத்த முகம், தழும்பு. அவன் வேறு நிறமாக இருப்பதில்தான் அந்தக் காட்சி நிற்கிறது. குறுந்தொடரில் கெட்டையே வெள்ளையாக்கிவைத்தார்கள்.

பவாய் வாசகன்:
மழையில் நனைந்துவிட்டது என்று அப்போதே சொன்னேன். பணம் தருகிறேன் என்றும் சொன்னேன்.

மாட்டுங்காக்காரன்:
பணம் யாருக்கு வேண்டும்?

செம்பூர் அக்கா:
கறுத்த முகம் என்று நீங்களே இப்போது எழுதிவிட்டீர்கள் சார். காலையிலிருந்து செம்பு, செம்பு என்றீர்கள். நான் சொன்ன மாநிறத்தை ஏற்கவில்லை, தம்பி சொன்ன கறுப்பை ஏற்கவில்லை. இப்போது கறுத்த முகம்.

மாட்டுங்காக்காரன்:
வெள்ளைப் பெண்ணின் கண்ணுக்கு அது கறுப்பு மேடம், அவள் அதுவரை பார்த்ததெல்லாம் வெள்ளை முகங்கள். நிறம் மாறவில்லை. செம்புதான்.

தாராவி தம்பி:
அண்ணா, செம்பூர் அக்கா கேட்டதற்கு இது பதில் இல்லை. எங்களை எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதுதான் ஆரம் நகரிலும் நடக்கிறது. வெட்ச் வேஷத்துக்கு யார் என்று இரண்டாவது தடவை கேட்கிறேன்.

டோம்பிவிலி:
கெட் உச்சரிப்பையாவது பவாய் சார் ஒத்துக்கொள்ளலாம்.

பவாய் வாசகன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு ஜெட்தான். பெயரை எப்படிச் சொல்வது என்பதைக்கூடவா இவர் தீர்மானிப்பார்?

மாட்டுங்காக்காரன்:
மெய்ப்பெயர் தெரிந்தால்தான் ஒரு பொருள் நமக்குப் பிடிபடும் என்பதுதான் அந்தக் கதையின் மந்திரமே. பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டு அவனுக்கு முகம் தேடுகிறீர்கள். உங்களுக்கு இது பொழுதுபோக்கு, எனக்கு அப்படி இல்லை. 2004ல் தப்பு நடந்தபோது கேட்க லெ குவின் இருந்தார். 2018 ஜனவரியில் போய்விட்டார். இனி யாராவது கெட்டை வெளுத்தால் கட்டுரை எழுத அவர் வரமாட்டார், படித்தவர்கள்தான் கேட்க வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், நாளைக்கும் எழுதுவேன்.

பவாய் வாசகன்:
எழுதுங்கள். தொடர் வரும்போது தெரிந்த முகம்தான் வரும்.

தாராவி தம்பி:
மூன்றாவது தடவை கேட்கிறேன். கெட்டை எல்லோரும் கைவிட்டபோதும் கடைசிப் பயணத்தில் கூடவே படகில் போனவன் வெட்ச். பள்ளியில் அவனுக்கு இருந்த ஒரே உண்மையான நண்பன். காலையிலிருந்து கெட் தோலை உரித்துப் பார்க்கிறீர்கள், கறுப்புப் பையன் வேஷத்துக்கு ஒருத்தர்கூட ஒரு பெயர் சொல்லவில்லை.

மாட்டுங்காக்காரன்:
சொல்கிறேன் தம்பி, முதலில் கெட் விஷயம் முடியட்டும். பவாய்க்காரரே, ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த நனைந்த புத்தகத்தையே எடுத்து வாருங்கள். எந்தப் பக்கம் என்று காட்டுகிறேன்.